வட்டாரக் கமிட்டியும் பத்து மணிப் போனும்

குடித்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு இல்லாத தலைவலி ஒன்று, குடியை விட்ட பிறகு வந்து சேர்ந்தது. அதன் பெயர் கமிட்டி.

குடியை விட்டவர்களின் சங்கம் எங்களுடையது. கட்டணம் கிடையாது, முதலாளி கிடையாது, முழுப் பெயர்கூடக் கேட்க மாட்டோம். வாரத்தில் சில நாள் ஓர் அறையில் வட்டமாக உட்கார்ந்து, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்து அவரவர் கதையைச் சொல்வோம். பத்து வருஷத்துக்கு மேலாக நானும் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பகலில் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசல் அறையில் லாரிகளுக்கு பாஸ் போடும் வேலை. சின்ன ஜன்னல் வழியாக டிரைவர்கள் காகிதத்தை நீட்டுவார்கள், நான் சீல் குத்தி வெளியே தள்ளுவேன். அங்கே யாருக்கும் என் பழைய கதை தெரியாது. ஒரு பெண் குடித்தாள் என்றால், கேட்கிறவன் அடுத்து எதை நினைப்பான் என்பது எனக்குத் தெரியும். ஆகவே தெரியவே வேண்டாம்.

ராயபுரத்தில் ஒரு சர்ச் அறை, தண்டையார்பேட்டையில் டெய்லர் கடைக்கு மேலே ஒரு டியூஷன் சென்டர், எண்ணூரில் ஒன்று, மணலி புதுநகரில் ஒன்று என்று எங்கள் பக்கம் சில குழுக்கள். அவற்றுக்கு மேலே வட்டாரக் கமிட்டி. அதற்கு மேலே மண்டலம். அதற்கும் மேலே தேசிய அலுவலகம். கேட்டால் ரயில்வே இலாகா மாதிரி இருக்கும். உண்மையில் எங்கள் வட்டாரக் கமிட்டி என்பது மூன்றே பேர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையரான அண்ணன் தலைவர், வண்ணாரப்பேட்டையில் டீத்தூள் வியாபாரம் செய்யும் பாய் பொருளாளர், நான் செயலாளர். விதிப்படி கொஞ்ச காலம் பொறுப்பில் இருந்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்து இறங்க வேண்டும். அடுத்தவர் என்று ஒருவர் இருந்தால்தானே? பொறுப்பு மாற்றும் நாள் வந்தால் எல்லாருக்கும் வீட்டில் விசேஷம் வந்துவிடும். நாங்கள் மூவரும் பதவிகளை எங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கொடுத்துக்கொண்டோம். மண்டலக் கூட்டத்துக்குப் போனால் அங்கேயும் இதே மூன்று மூஞ்சிகள். சலித்துப் போயிருந்தது.

கமிட்டி உருப்படியாகச் செய்த ஒரே வேலை, ஒரு பட்டன் போனை உயிரோடு வைத்திருந்ததுதான். அதுதான் உதவி எண். ஆட்டோவுக்குப் பின்னால், ரேஷன் கடைச் சுவரில், ஆஸ்பத்திரி வாசலில் என்று அந்த எண்ணை ஒட்டி வைத்திருந்தோம். சாயங்காலத்துக்கு மேல் அந்தப் போன் கிரேன் அண்ணனிடம் இருக்கும். பகலெல்லாம் என்னிடம். பெண்கள் போன் செய்வது பகலில்தான், அதனால் அப்படி ஓர் ஏற்பாடு. வரும் எண்களை நாங்கள் குறித்து வைக்க மாட்டோம். பொழுது சாய்ந்தால் அழித்துவிடுவோம். எங்கள் சொந்த எண்ணைக் கொடுப்பதும் விதிப்படி கூடாது. திருப்பி அழைக்கவும் மாட்டோம். மறுமுனையில் யார் எடுப்பார்கள், அந்த வீட்டில் என்ன வெடிக்கும் என்று நமக்கு என்ன தெரியும்?

காலை பத்து மணிக்கு ஒருத்தி கூப்பிடுவாள். ஞாயிறு தவிர எல்லா நாளும். எண்ணூர்ப் பக்கம் என்று மட்டும் தெரியும். பேச்சுக்கு நடுவில் கூட்ஸ் வண்டி போகும், அது போய் முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் சும்மா இருப்போம். பெயர் நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. புருஷன் வேலைக்குப் போய், மாமியார் மீன் வாங்கக் கிளம்பிய பிறகு, வீட்டில் விட்டுப்போன மாமியாரின் போனிலிருந்து பேசுவாள். முதல் பிள்ளை பிறந்தபோது, உடம்பு தேறும் என்று வீட்டிலேயே ஊற்றிக் கொடுத்த பிராந்தியில் ஆரம்பித்தது. மற்றவர்களுக்கு அது ஒரு வாரத்தோடு முடியும். இவளுக்கு முடியவில்லை.

"எங்கூட்டுக்காரரு ஒரு சொட்டு தொடமாட்டாருக்கா. அவரு குடிச்சி நான் அழுதுகினு கீறேன்னா ஊரே வந்து நிக்கும். நான் குடிக்கிறேன்னா யாரு வருவா?" என்று ஒருமுறை சொன்னாள்.

கூட்டத்துக்கு வா என்றால் வர மாட்டாள். எங்கே போகிறேன் என்று மாமியாரிடம் சொல்வது? சர்ச்சுக்கா? அவர்கள் அம்மன் கோயில் குடும்பம். ஆகவே அந்தப் போன்தான் அவளுக்குக் கூட்டம். சில நாள் அரை மணி பேசுவாள், குழம்பு கொதிக்கிற சத்தம்கூடக் கேட்கும். சில நாள் "இன்னிக்கு இல்லக்கா" என்று ஒற்றை வார்த்தை சொல்லி வைத்துவிடுவாள். இன்னும் குடிக்கவில்லை என்று அர்த்தம். அப்படி ஒரு வருஷத்துக்கும் மேல் ஓடியிருந்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள என் வாழ்க்கையில் வேறு அதிகம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்துக் கத்திக்கொண்டிருப்பான். "இரு நைனா, செத்துப் போயிட மாட்ட" என்று அவனை அடக்கிவிட்டு நான் காதில் போனோடு உட்கார்ந்திருப்பேன்.

இந்த நேரத்தில்தான் சீரமைப்பு வந்தது.

தேசிய அலுவலகத்தின் சார்பாக ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தண்டையார்பேட்டை அறைக்கு வந்தார். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது மனசை ஆற்றியிருப்பேன். தமிழ் சுத்தமாகப் பேசினார், எல்லோருக்கும் கை கொடுத்தார், பாய் கொடுத்த டீயைப் புகழ்ந்தார். எங்கள் வழக்கப்படி "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொன்னார். குடித்துவிட்டு ரயிலில் தூங்கி, இறங்க வேண்டிய ஊரைத் தாண்டி ஏதோ பாஷை புரியாத ஊரில், செருப்பில்லாமல் விழித்த கதை. கிரேன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அறையில் ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. முடித்த பிறகும் பதில் சொல்லக் கூடாது. கேள்வி கூடாது, "நீ சொல்றது சரியில்ல" என்பது கூடவே கூடாது. "நன்றி" என்று சொல்லிக் கை தட்டுவோம், அவ்வளவுதான். குடிகாரர்கள் ஒருவரை ஒருவர் திருத்தக் கிளம்பினால் சட்டை கிழியாமல் முடியாது என்பதால் வந்த விதி இது. வருஷக்கணக்கில் அதிலேயே ஊறியவர்கள் நாங்கள்.

அந்த மனிதர் ரயில் கதையை முடித்த மூச்சிலேயே லேப்டாப்பைத் திறந்துவிட்டார். சுவரில் வட்டங்களும் அம்புகளும் ஓடின. வட்டாரக் கமிட்டிகள் இனி இல்லை. குழுக்கள் நேராக மண்டலத்தோடு சேரும். சென்னையும் சுற்று மாவட்டங்களும் ஒரே மண்டலம். நாட்டுக்கே ஒரே உதவி எண். ஒரே ஆட்கள் நான்கு கமிட்டியில் உட்கார்ந்து தேய்வதால் இந்த ஏற்பாடு என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. தேய்ந்தவர்கள் எதிரேதான் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பத்து மணிப் போன் ஞாபகம் வந்து கை மடியிலிருந்து எழுந்தது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது கை தூக்குவதா என்று அதுவே திரும்ப மடிக்குப் போய்விட்டது.

கடைசியில் அவர், "மாற்றுக் கருத்து ஏதாவது உண்டா?" என்றார்.

நாங்கள் மரியாதையாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம். பிறகு பாய் "நன்றி" என்றார். எல்லோரும் "நன்றி" என்றோம். கை தட்டினோம். பலமாகவே தட்டினோம்.

சில நாள் கழித்து வாட்ஸ்ஆப்பில் செய்தி வந்தது. வட சென்னை வட்டாரம் சீரமைப்பை ஏகமனதாக ஏற்றுக்கொண்டதாம். பக்கத்தில் கும்பிடும் கை பொம்மை ஒன்று.

கிரேன் அண்ணன் உடனே எனக்குப் போன் செய்தார். "இன்னா சிஸ்டர் இது? நான் கை தட்னது அந்தாளு ரயில்ல தூங்கிப் போனாரே, அந்தக் கதைக்கு. கமிட்டிய இஸ்து மூடுன்னா தட்னேன்?"

பாயிடம் கேட்டால் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மொதல்ல நன்றி சொன்னது நான்தாம்மா. பேசி முடிச்சிட்டாரே, பாவம், சும்மா வுட்டா நல்லா இருக்காதேன்னு சொன்னேன். பேஜாரா போச்சே!"

நான் அந்த நல்ல மனிதருக்குப் போன் செய்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். ஆட்சேபம் இருந்தால் வட்டாரக் கமிட்டி மூலமாக எழுத்தில் அனுப்பச் சொன்னார்.

"வட்டாரக் கமிட்டியத்தான் கலைச்சிட்டீங்களே சார்" என்றேன்.

"ஆமாங்க, அதுல ஒரு சின்ன இடைவெளி இருக்கு. அடுத்த வருஷாந்திரக் கூட்டத்துல அதைப் பத்திப் பேசணும்" என்றார்.

சிரிப்பதா, போனைச் சுவரில் அடிப்பதா என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் உள்ளே ஒரு மூலையில் நிம்மதியும் இருந்தது. இனி கணக்கு அனுப்ப வேண்டாம், ஆன்லைன் கூட்டத்தில் "கேக்குதா, கேக்குதா" என்று கத்த வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று என் வாரத்தில் மறுபடி வரும். ஆனால் அந்தப் போன்? பட்டன் போனிலிருந்த சிம் அலுவலகத்தின் பெயரில் இருந்தது. அந்த வார முடிவிலேயே அதை ஒப்படைக்கச் சொன்னார்கள். பழைய எண்ணுக்கு யார் அழைத்தாலும் புதிய எண்ணுக்குத் தானாகவே போய்விடுமாம்.

அந்த வாரம் பார்த்து அவள் போன் செய்யவில்லை. தங்கைக்கு வளைகாப்பு, அம்மா வீட்டுக்குப் போகிறேன், வர எட்டு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். "அங்க எல்லாரும் குடிப்பாங்கக்கா. வந்தவொடனே பண்றேன்" என்றாள். இன்னும் ஒரு வாரம் சிம்மை வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். எல்லா ஊருக்கும் ஒரே தேதி, மாற்ற முடியாது என்றார்கள். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிம்மைக் கழற்றி உறையில் போட்டுக் கொடுத்த அன்று எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருந்தது.

என் சொந்தப் போனிலிருந்து பழைய எண்ணை அழைத்துப் பார்த்தேன். முதலில் இந்தியில் ஒரு பெண் பேசினாள். அவள் மூச்சு விட்டதும் இங்கிலீஷ். அதுவும் முடிந்த பிறகுதான் தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினால் பாட்டு. பாட்டு முடிந்தால் தமிழ்நாட்டில் எங்கேயோ ஒரு தொண்டருக்குப் போகும். யார் சும்மா இருக்கிறார்களோ அவருக்கு. பெண்ணோடு பேச வேண்டும் என்றால் எதை அழுத்துவது என்று கேட்டேன். அது அடுத்த கட்டத்தில் வரும் என்றார்கள்.

நானும் தொண்டராகச் சேர்ந்தேன். போனில் ஒரு ஆப். அழைக்கிறவர் எண் அதில் தெரியாது. அது நல்லதுதான், நாங்கள் கேட்டதும் அதைத்தான். ஓசூரிலிருந்து ஒரு கம்பெனி டிரைவர், திருநெல்வேலியிலிருந்து ஓர் அம்மா மகனுக்காக என்று எனக்கும் அழைப்புகள் வந்தன. நல்ல அழைப்புகள். பழைய பட்டன் போனை அவர்கள் எந்தக் காலத்திலும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அதனால் புதிய ஏற்பாட்டைச் சபிக்கவும் முடியவில்லை. பத்து மணி வந்தால் மட்டும் வேறு வேலை ஓடாது. ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். யாரோ வருவார்கள், அவள் வர மாட்டாள். அப்படியே வாரங்கள் போயின.

தமிழ்த் தொண்டர்களுக்கு மாதம் ஒருமுறை ஆன்லைன் கூட்டம் உண்டு. அன்று சனிக்கிழமை சாயங்காலம், நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தொண்டர் ஒருவர், மில் சூப்பர்வைசர், பேச்சுவாக்கில் சொன்னார். "காலைல பத்து மணிவாக்குல ஒரு பொண்ணு கூப்புடுதுங்க. நான் வணக்கம்னு சொன்னா, அக்கா இல்லீங்களான்னு கேட்டுப்போட்டு வச்சிருதுங்க. ராங் நம்பருன்னு விட்டுட்டனுங்க."

"எனக்கும் வந்துச்சுங்க" என்றார் இன்னொருவர். "ரெண்டு மூணு தடவ."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். ஆப் சுற்றிச் சுற்றி அவளை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அவளும் விடாமல் என்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

விஷயத்தைச் சொன்னேன். இந்த முறை கை மடியில் கிடக்கவில்லை. "காலைல பத்துலேர்ந்து பத்தரை வரைக்கும் எல்லாரும் உங்க ஆப்ப ஆஃப் பண்ணிடுங்க. எனக்கு மட்டும் வரட்டும்" என்றேன்.

கூட்டத்தை நடத்திய ஒருங்கிணைப்பாளர், இளம் வயதுப் பெண், மறுத்தாள். "மேடம், நீங்க அவங்ககிட்ட பேசிட்டு இருக்கும்போது இன்னொருத்தர் கூப்பிட்டா? தமிழ்நாடு முழுக்க யாருமே எடுக்க மாட்டாங்களே. அவரும் அதே நிலைமைல இருந்தா?"

அவள் சொன்னது சரி. அதுதான் கொடுமை. "எனக்குத் தெரியலம்மா. எனக்கு இவளத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். தீர்மானம் எதுவும் போடாமலே கூட்டம் முடிந்தது. முடிந்த பிறகு குரூப்பில் கோயம்புத்தூர்க்காரர் எழுதியிருந்தார்: பத்து மணிக்கு நான் டீ குடிக்கப் போயிருவனுங்க. அதற்குக் கீழே இன்னொருவர்: நானும் டீ. அப்புறம் வரிசையாக டீ, டீ, டீ. ஒருங்கிணைப்பாளர் பெண் எதுவும் எழுதவில்லை. தடுக்கவும் இல்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குத் திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் அழைத்தார். அவரோடு பேசும்போது மனசெல்லாம் அடுத்த அழைப்பில் இருந்தது, அது எனக்கே அசிங்கமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை யாருமே அழைக்கவில்லை. புதன்கிழமை வாசலில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றபோது போன் அடித்தது. "சொல்லுங்க" என்றேன். மறுமுனையில் ஒன்றும் இல்லை. அப்புறம் கூட்ஸ் வண்டிச் சத்தம். அது முடிகிற வரைக்கும் காத்திருந்தேன்.

"அக்காவா?"

"அக்காதான்."

"எங்கக்கா போன?" என்று கத்தினாள். இவ்வளவு நாளில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "வந்து போன் பண்ணா எவளோ இந்தில பேசறா. மூணு அமுக்குன்னா. அமுக்குனா ஆம்பள எடுக்குறான். பக்கத்து வூட்டுக்காரி காதுல ஆம்பளக் குரலு வுழுந்தா இன்னா ஆவும்? வச்சிட்டேன். மறுநாளும் ஆம்பள. தெனம் பண்ணேன்கா. நேத்து மட்டும் அத்த வெளிய போவல. மத்தபடி மெய்யாலுமே தெனம்."

"தெரியும்மா."

"குட்ச்சிட்டேன்கா."

அவளே சொன்னாள். மாமியாருக்குத் தெரிந்துவிட்டதாம். மகனிடம் இன்னும் சொல்லவில்லையாம். சொல்லாமல் இருப்பதற்குத் தினமும் ஏதாவது வாங்கிக்கொள்கிறாளாம், காலைப் பிடித்துவிடுவதில் ஆரம்பித்து இவளுடைய கம்மல் வரைக்கும். "எப்போ சொல்லும்னு தெரியலக்கா. சொல்லிச்சின்னா பையன இட்டுகினு போயிடுவாங்க. என்னாண்ட வுடமாட்டாங்க." அழுகையில்லாமல் சொன்னாள். எனக்குத்தான் கண் எரிந்தது.

"யாருக்கா மாத்தனது இத்த?" என்று கேட்டாள்.

"நாங்கதான்."

"நீயுமா?"

"நானும்தான்."

வெளியே லாரிக்காரன் ஜன்னலைத் தட்டினான். அவன் பக்கம் நான் திரும்பவில்லை.

"இன்னிக்கு இன்னும் தொடலக்கா" என்றாள். "நாளைக்கும் நீதான எடுப்ப?"

என்ன சொல்வது? கோயம்புத்தூர்க்காரர் எத்தனை நாள் டீ குடிப்பார்? அடுத்த மாதம் ஆப்பை மறுபடி மாற்றப்போவதாக வேறு பேச்சு. என் கையில் ஒன்றும் இல்லை. களைப்பில் வாய் தானாகவே, எங்கள் சங்கத்தில் குடிப்பவர்களுக்கு முதல் நாளிலிருந்து சொல்லும் வார்த்தையை எடுத்தது. "நாளைக்கு என்னாத்துக்கும்மா? இன்னிக்கு மட்டும் பாப்போம். இன்னிக்குப் பேசிட்டோம்ல?"

"அக்கா" என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "அது குடிக்கிறவளுக்கு சொல்றது. போன் எடுக்கறவங்களுக்கு இல்ல."

ஜன்னலில் மறுபடி தட்டினார்கள்.

"எடுப்பேன்" என்றேன். "நாளைக்குப் பத்து மணிக்கு நான்தான் எடுப்பேன்." யாரைக் கேட்டுக்கொண்டு அதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.